ஓர் அடிக்கு ஓர் அங்குலம்: பொம்மை வீட்டு அறைக்குக் கிட்டா, கடைச் சாமானா, கைவேலையா?

போன கிழமை இரண்டு பேர் ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டார்கள். ஒருவர் வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தங்கச்சி. எட்டு வயது மகளுக்குப் பொம்மை வீடு வேண்டுமாம். "அக்கா, ஒன்லைனில் வருகிற அந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்தால் போதுமா, இல்லாவிட்டால் நாங்களே ஐஸ்கிரீம் குச்சியில் செய்வோமா?" மற்றவர் கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஓய்வுபெற்ற மாஸ்டர். சாவகச்சேரியில் அவர்களுடைய வீடு 2000ஆம் ஆண்டுச் சண்டையோடு போனது. அந்த வீட்டின் முன் அறையை மட்டும் சின்னதாகச் செய்து ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்கிறார். "பிள்ளை, இந்த அளவில் சாய்மனைக் கதிரை எங்கே விற்கிறார்கள்?" என்று கேட்டார். எங்கேயும் விற்கவில்லை மாஸ்டர் என்று உடனே சொல்ல வாய் வரவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசித்ததுதான் இது.

நான் இதுவரை நாலு அறை செய்திருக்கிறேன். இரண்டு நன்றாக வந்தன, ஒன்றைக் குப்பையில் போட்டேன், ஒன்றைப் பூச்சி தின்றது. அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் அளவு. பணம், நேரம், அழகு எல்லாம் இதற்குப் பிறகுதான். பொம்மை வீட்டு உலகத்தில் அதிகம் புழங்குவது 1:12, அதாவது நிஜத்தில் ஓர் அடி, பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். எங்களுக்கு இது வாய்ப்பான கணக்கு, ஏனென்றால் வீடு கட்டுகிற பாஸ்மாரும் தச்சர்களும் இன்றைக்கும் "பத்துக்குப் பன்னிரண்டு அறை" என்றுதான் சொல்கிறார்கள். அந்த அறை 1:12இல் பத்து அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம், கல்குலேட்டரே வேண்டாம். இங்கிலாந்தில் வின்ட்சர் கோட்டையில் இருக்கும் மேரி ராணியின் பொம்மை வீடு, கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்து 1924இல் முடிந்தது, அதுவும் 1:12தான். வெளிநாட்டில் தனியாக விற்கும் மரச் சாமான்களில் பெரும்பாலானவையும் இதே அளவு.

இப்போது பெட்டிகளில் வரும் சீனத்துக் கிட்டுகள், அதாவது துண்டுகளை நாமே ஒட்டி அறையாக்கும் தொகுப்புகள், அனேகமாக 1:24, அதாவது இதில் பாதி. பார்பி பொம்மை பதினொன்றரை அங்குல உயரம், அதற்குப் பொருந்துவது 1:6. இந்த மூன்றையும் கலந்தால், குழந்தை கதிரையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரியோ பூதம் குடியிருக்கிற மாதிரியோ இருக்கும். விற்பவர்கள் 'மினி' என்று மட்டும்தான் போடுவார்கள். கதிரை இருக்கையின் உயரத்தைக் கேளுங்கள். நிஜக் கதிரையில் அது 45 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். 1:12 என்றால் 3.75, 1:24 என்றால் 1.9, பார்பிக்கு 7.5. இந்த ஓர் எண் தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள்.

அடுத்தது, யாருடைய கை படப்போகிறது என்பது. விளையாடும் அறையும் பார்க்கும் அறையும் ஒன்றல்ல. மூன்றாவது, எங்கள் ஊர்க் காற்று. காலி வீதிக்குக் கீழே கடல் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அலுமாரிக்குள் இருக்கும் செருப்பே பூஞ்சணம் பிடிக்கிறது, கடதாசிச் சுவர் எம்மாத்திரம். நாலாவது, சாப்பாட்டு மேசையை எத்தனை நாளைக்கு விட்டுக்கொடுக்க வீட்டில் சம்மதிப்பார்கள் என்பது. சிரிக்காதீர்கள், என் மூன்றாவது அறை நின்றதே அதனால்தான்.

பணத்தைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வேலையில் முதலில் தெரியும் விலை ஒருபோதும் கடைசி விலை இல்லை. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் பெட்ரொனெல்லா ஊர்ட்மன் என்ற பெண்ணின் பொம்மை வீடு இருக்கிறது, 1686 முதல் 1710 வரை சேர்த்துச் சேர்த்துச் செய்தது. அதற்குப் போன காசில் அங்கே கால்வாய்க் கரையில் நிஜ வீடே வாங்கியிருக்கலாம் என்கிறார்கள். ஆகவே நீங்கள் முதல் ஆள் இல்லை.

## கிட் பெட்டி

பெட்டியைத் திறந்தால் லேசரில் வெட்டிய மெல்லிய பலகைகள், அச்சடித்த கடதாசி, கம்பித் துண்டு, மணி, ஒரு கைக்குட்டை அளவு துணி, குட்டி எல்.இ.டி., படம் போட்ட விளக்கப் புத்தகம். அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள், அந்தப் படத்தில் இருக்கும் ஒவ்வொரு சின்னப் புத்தகத்தையும் தாங்களே வெட்டி மடித்து ஒட்ட வேண்டும் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் அறிகிறார்கள். என் கிட்டில் அறுபதுக்கு மேல் புத்தகம். முதல் பத்து இனிமை, இருபதாவதில் கழுத்து பிடித்தது, பிறகு ராக்கையின் பின்வரிசைக்கு வெறும் மட்டையைச் சொருகிவிட்டேன். இன்றுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

மறைந்த செலவைச் சொல்கிறேன். பசையும் பற்றரியும் பெரும்பாலும் பெட்டிக்குள் வராது, விமானத்தில் அனுப்புவதில் அவர்களுக்குத் தொல்லை. சாமணம், கூரான சின்னக் கத்தரிக்கோல் நீங்கள் தேட வேண்டும். தூசி மூடி தனி விலை. வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைத்தால் சுங்க வரியையும் விசாரித்துவிட்டுக் கட்டளை கொடுங்கள், இங்கே யாராவது ஏற்கெனவே இறக்கி விற்றால் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு துண்டு குறைந்தால் திரும்பக் கேட்டு வரும்வரை வேலை நிற்கும்.

எனக்கு இதில் பெரிய குறை வேறு. அது உங்கள் அறை இல்லை. பூக்கடை, கோப்பிக்கடை, சாய்ந்த கூரைக்குக் கீழே படிப்பறை, கணப்படுப்பு. நுவரெலியாவில் இருப்பவருக்குக் கணப்படுப்பு சரி, தெஹிவளையில் மின்விசிறியை ஐந்தில் போட்டுவிட்டுக் கணப்படுப்பு ஒட்டிக்கொண்டிருந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

ஆனாலும் கிட்டை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். கை பழகுவதற்கு அதைப்போல் வாத்தியார் இல்லை. எந்தப் பகுதியை முன்னால் ஒட்டுவது, எதைக் காயவிட்டு அடுத்ததுக்குப் போவது என்ற ஒழுங்கு அதில்தான் எனக்குப் பிடிபட்டது. தொடங்கிய வேலையைப் பாதியில் விடுகிறவர், ஃபிளாட்டில் இடம் இல்லாதவர், பெரியவர் ஒருவருக்குப் பரிசு தேடுகிறவர், இவர்களுக்கு இதுதான் சரி. சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை. பெட்டியிலேயே அனேகமாக 14 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும். விளக்குக்குப் போடும் பொத்தான் பற்றரியை ஒரு குழந்தை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். வீட்டில் தவழ்கிற பிள்ளை இருந்தால் இந்த ஒரு காரணமே போதும், வேண்டாம் என்பதற்கு.

## தயாராக வாங்கும் சாமான்

மரத்தில் செய்த 1:12 சாமான்கள் வெளிநாட்டிலிருந்து வரும். பளபளவென்று சிவந்த மெருகு, வளைந்த கால், விக்டோரியா காலத்து வீட்டுக்கு ஏற்ற தோரணை. பார்க்க அழகுதான், எங்கள் விறாந்தையில் மட்டும் ஒட்டாது. எடை குறைவென்றாலும் இடம் அடைக்கும், அதனால் அலுமாரி ஒன்றின் விலையைவிட அதைக் கொண்டுவரும் கூலி கூடிவிடும். லாச்சிகள் திறக்குமா, வெறும் கோடா என்று படத்தில் தெரியாது. புறக்கோட்டையில் விளையாட்டுச் சாமான் கடைகளில் தொங்கும் பிளாஸ்டிக் செட்டுகள் வேறு கதை, அவற்றுக்கு அளவே கிடையாது, கட்டிலைவிடத் தேநீர்க் கோப்பை பெரிது. விளையாட மட்டும் என்றால் நல்லது, மலிவு, கழுவலாம், உடைந்தால் அழ வேண்டியதில்லை.

ஆனால் பொம்மை வீட்டுக்கென்று செய்யாத பொருள்களைத் தேடினால் இந்த வழி திடீரென்று சிறக்கிறது. பூசைச் சாமான் கடையில் மூன்று அங்குலப் பித்தளைக் குத்துவிளக்கு கிடைக்கும். 1:12 அறையில் வைத்தால் அது மூன்று அடி விளக்கு, வாசலில் நிற்கிற அசல் அளவு! கையால் எந்தக் காலத்திலும் அப்படிச் செய்ய முடியாது. மணிக்கடைகளில் தோடு செய்ய விற்கும் மூடிகள் பூச்சட்டியாகும். ஒரு தபால் முத்திரை சுவரில் அளவான படமாகும். ஆடிவேல் சமயத்தில் விற்கும் குட்டி அலுமினியப் பானைகளை மட்டும் யோசித்து வாங்குங்கள், இரண்டு அங்குலப் பானை என்றால் இரண்டு அடி, கல்யாண வீட்டுக் கிடாரம்.

உலோகம், கண்ணாடி, பீங்கான் இந்த மூன்றையும் வாங்குங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

## கையால் செய்வது

இதில்தான் எனக்கு மனம் நிற்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை எடுத்து அளந்து பாருங்கள். அகலம் சுமார் ஒரு சென்ரிமீற்றர், தடிப்பு இரண்டு மில்லிமீற்றர். பன்னிரண்டால் பெருக்கினால் 12 சென்ரிமீற்றர் அகலம், 2.4 சென்ரிமீற்றர் தடிப்பு, அது நிஜமான ஒரு பலகையின் அளவு. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, தானாக அமைந்தது. பல்லுக்குத்தும் குச்சி கதிரையின் குறுக்குச் சட்டம். விளக்குமாற்று ஈர்க்கில் யன்னல் கம்பி, திரைச்சீலைத் தடி, பிரம்பு வேலை எல்லாம். நெருப்புப்பெட்டிகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கும் லாச்சிப்பெட்டி, லாச்சி திறக்கும், வெளிநாட்டுச் சாமானில் அது நிச்சயமில்லை. பால்மாப் பைக்கற்றின் உள்பக்கம் முகக்கண்ணாடி.

சாய்மனைக் கதிரை இப்படித்தான். இரண்டு பக்கச் சட்டம் குச்சியில். கைகள் நீளம், காலைத் தூக்கிப் போடுகிற நீளம். அதை விட்டால் அது சாய்மனை இல்லை, வெறும் கதிரை. பின்னலுக்கு, குறுக்குத் தையல் போடும் கண்ணறைத் துணியைச் சாயத்தண்ணீரில், வேறொன்றுமில்லை, நாங்கள் குடிக்கிற பிளேன்ரீதான், ஓர் இரவு ஊறவிட்டு எடுத்தால் பழைய பிரம்பின் நிறம் வரும். மரத்துக்கு மண்ணிறச் சப்பாத்துப் பொலிஷ். ஒட்டுவதற்கு முன்னாலேயே பூச வேண்டும், ஏனென்றால் பசை பட்ட இடத்தில் நிறம் ஏறாது, வெள்ளைத் திட்டாக நிற்கும். என்னுடைய முதல் கதிரைக்கு வெண்குட்டம் வந்த மாதிரி இருந்தது. இரண்டாவது ஆடியது. மூன்றாவதில் ஆள் உட்காரலாம்.

துணி கொஞ்சம் அடம்பிடிக்கும். நிஜத் திரைச்சீலை தன் எடையில் விழுகிறது, சின்னத் துணிக்கு எடை இல்லை, பாவாடை மாதிரி விரிந்து நிற்கும். பழைய மெல்லிய சேலைத்துணியைத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து, ரெஜிஃபோமில் (பொதி கட்டும் வெள்ளை நுரைப் பலகையில்) குண்டூசி குத்தி மடிப்புகளை நிறுத்திக் காயவைத்தால் சொல்வழி கேட்கும். பூப்போட்ட துணி எடுக்கும்போது கணக்குப் பாருங்கள், ஒரு சென்ரிமீற்றர்ப் பூ 12 சென்ரிமீற்றர்ப் பூவாகத் தெரியும். கைத்தறிக் கோடுகள் சேலையில் மெல்லியவை, சின்னக் கட்டிலில் வரிக்குதிரை.

தரை எங்கள் ஊரில் சுலபம். பிரிஸ்டல் போர்டில் சிவப்புப் பூசி, காய்ந்ததும் வீட்டுத் தரைக்குப் போடும் அதே சிவப்புப் பொலிஷைத் துணியால் தேய்த்தால் பழைய சீமெந்துத் தரை. வாசனைகூட அதுதான்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால் கருவியிலும் நாளிலும். இரும்பு அடிமட்டம் வேண்டும், பிளாஸ்டிக் என்றால் கத்தி அதையே சீவும். வெட்டும் பாய், அலகு மாற்றும் கத்தி, மெல்லிய அரத்தாள். இடுக்கிக்கு உடுப்புக் காயப்போடும் கிளிப் போதும். சுப்பர் குளூவை ரெஜிஃபோமுக்குப் போட்டால் அரித்துவிடும், பருத்தித்துணியில் ஊற்றினால் சூடேறிக் கையைச் சுடும், யன்னல் பிளாஸ்டிக்குக்குப் பக்கத்தில் போட்டால் பனி படிந்த மாதிரி வெளுக்கும். வெள்ளைப் பசையே உத்தமம். மாப்பசை காய்ச்சாதீர்கள். பூச்சி தின்றது என்று சொன்னேனே, அது மாப்பசை ஒட்டிய அறை. அட்டையில் ஒரு பக்கம் மட்டும் கடதாசி ஒட்டினால் காயும்போது வில்லாக வளையும், மறுபக்கமும் ஏதாவது கடதாசி ஒட்டிவிடுங்கள்.

## தச்சர், லேசர்

மொரட்டுவையில் நல்ல தச்சர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுடைய வாளும் இயந்திரமும் நிஜக் கட்டிலுக்கானவை. நான் கேட்ட ஒருவர் "இதைச் செய்கிற நேரத்தில் உண்மையான மேசையே செய்து தருவேன்" என்றார், நியாயம்தான். லேசர் வெட்டும் கடைகளில் 3 மில்லிமீற்றர்ப் பலகை சாதாரணமாக இருக்கும், அது 1:12இல் 3.6 சென்ரிமீற்றர், கதிரைக்குத் தடிப்பு, சுவருக்கும் யன்னல் சட்டத்துக்கும் ஏற்றது. வெட்டின ஓரம் கருகும், அரத்தாள் போட வேண்டும். ஒரே அளவில் நிறைய யன்னல், கதவு என்றால் மட்டும் இந்த வழி.

## ஒரு பார்வையில்

| | கிட் | வாங்கிய சாமான் | கைவேலை |
|---|---|---|---|
| அளவு | பெரும்பாலும் 1:24 | 1:12, விசாரித்து வாங்க வேண்டும் | உங்கள் விருப்பம் |
| மறைந்த செலவு | பசை, பற்றரி, மூடி, வரி | அனுப்பும் கூலி | கருவி, கெட்டுப்போகும் முதல் இரண்டு |
| நேரம் | சில கிழமை மாலைகள் | காத்திருப்பு மட்டும் | மாதக்கணக்கு |
| பிள்ளை விளையாடலாமா | இல்லை | பிளாஸ்டிக் என்றால் ஆம் | முரட்டுத்தனமாகச் செய்தால் ஆம் |
| ஈரக் காற்று | மூடி இருந்தால் தாங்கும் | உலோகம் கறுக்கும் | பசையைப் பொறுத்தது |
| எங்கள் வீடு மாதிரி வருமா | வராது | விளக்கு, பானை மட்டும் | வரும் |

## சுவரும் வெளிச்சமும்

எந்த வழியில் போனாலும் இது வரும். சுவருக்கு மூன்று வழி: மிச்சமிருக்கும் சுவர்ப் பெயின்ற், அச்சடித்த கடதாசி, துணி. பெயின்ற்தான் ஈரத்துக்கு நல்லது, யாழ்ப்பாணத்து வீட்டுக்கும் அதுதான் பொருந்தும். அச்சடிப்பதென்றால் வீட்டு இங்க்ஜெட்டில் வேண்டாம், பசை ஈரம் பட்டதும் மை ஓடும். தெருமுனைக் கொமியூனிகேஷனில் லேசர் பிரிண்ட் எடுங்கள். துணி, வேண்டாம், பூஞ்சணம்.

வெளிச்சத்துக்கு 5 மில்லிமீற்றர் எல்.இ.டி. போதும். பன்னிரண்டால் பெருக்கினால் 6 சென்ரிமீற்றர், அதாவது நிஜ பல்பின் பருமன். மஞ்சள் வெளிச்சம் வாங்குங்கள், வெள்ளை போட்டால் அறை மருந்துக்கடையாகிவிடும். பற்றரிப் பெட்டியை வெளியே வையுங்கள், கடல்காற்றில் முனைகள் பச்சை பிடித்தால் சுரண்ட வேண்டி வரும்.

## சரி, யாருக்கு எது

தங்கச்சிக்கு: கிட் வேண்டாம். மகளிடம் முதலில் ஒன்று கேள், அந்த வீட்டில் யார் குடியிருக்கப் போகிறார் என்று. பார்பி என்றால் 1:6, அதற்கு ஐஸ்கிரீம் குச்சி போதாது, சவர்க்காரப் பெட்டியும் பற்பசைப் பெட்டியும்தான் தளபாடம், கூடவே புறக்கோட்டைப் பிளாஸ்டிக். நாலைந்து அங்குலச் சின்னப் பொம்மை என்றால் ஒரு சப்பாத்துப் பெட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தி 1:12. உயரம் ஏழு அங்குலம்தான் வரும், ஏழு அடிக் கூரை, உங்கள் ஃபிளாட் மாதிரி என்று வைத்துக்கொள். கத்தி உன் கையில், பசையும் நிறமும் அவள் கையில். ஞாயிறு பின்னேரத்துக்குள் ஒரு கட்டிலாவது முடிய வேண்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை அவளுக்கு வேறு ஆசை வந்துவிடும். விளக்கு இப்போதைக்கு வேண்டாம்.

மாஸ்டருக்கு: கதிரையும் கதவும் யன்னலும் கைவேலை, குத்துவிளக்கு கடையில், கண்ணாடிப் பெட்டி மீன்தொட்டி செய்கிறவரிடம். அவர்கள் சொன்ன அளவுக்கு வெட்டி ஒட்டித் தருவார்கள், படச்சட்டக் கடையைவிடச் சுலபம். உள்ளே மூலையில் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பைகள் இரண்டைப் போட்டு மறைத்துவிடலாம், நேர் வெயிலில் வைக்கக் கூடாது. கதிரையை நான் செய்து தருகிறேன் என்று சொன்னேன். அடுத்த நாளே அளவுகள் வந்தன, கொப்பித்தாளில் அடி அங்குலமாக, கை மூன்றரை அடி, முதுகு இவ்வளவு, யன்னல் கதிரைக்கு இடப்பக்கம், வாசலைப் பார்த்தபடி. எழுபது வயதுக்கு மேல் ஆனவரின் கோடு நடுங்கவே இல்லை.

யன்னலுக்கு ஐந்து கம்பியா ஆறு கம்பியா என்பது மட்டும் தீரவில்லை. அவர் ஐந்து என்கிறார், கனடாவில் இருக்கும் அவருடைய அக்கா ஆறு என்கிறாராம். நான் ஈர்க்கிலை ஆறாக வெட்டி வைத்திருக்கிறேன்.